செப்டம்பர் 1: ஒரு நிலநடுக்கமும் ஒரு வதந்தியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க, இனி பெல் அடிச்சாத்தான் நிறுத்துவாங்க" என்று சிரிக்கிறீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் படியுங்கள். இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையன் இப்போது ஜப்பானில் வேலை பார்க்கிறான். பெயர் சொன்னால் வெட்கப்படுவான், விட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கடற்கரைப் பூங்கா ஒன்றில், நம் ஊர் மண்டபம் மாதிரி தூண்களும் மேலே குவிமாடமும் வைத்துக் கட்டிய ஒரு சின்னக் கட்டடம். "டீச்சர், யோகோஹாமாவில் இருக்கேன். இதுக்குப் பேரு இந்தியர் நீர்க்கோபுரமாம். இங்கே இந்தியர்களுக்கு எதுக்கு டீச்சர் நினைவுச்சின்னம்? நீங்கதான் சமூக அறிவியல் எடுத்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். அது இந்தப் பதிவாக நீண்டுவிட்டது.

அவன் நின்றுகொண்டிருந்த இடம் யமாஷிதா பூங்கா. அந்தப் பூங்காவே ஒரு நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி, அதன்மேல் அமைத்ததுதான். 1930-ல் திறந்தார்கள். 1923-க்கு முன்பே யோகோஹாமாவில் பட்டு வணிகம் செய்த இந்தியர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் சிந்திக்காரர்கள். நிலநடுக்கத்தில் அவர்களிலும் சிலர் இறந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் வீடும் கடையும் இழந்தார்கள். அவர்களுக்கு அந்த ஊர் மக்கள் உதவினார்கள். அந்த நன்றிக்காகவும், இறந்தவர்கள் நினைவாகவும் இந்தியர்கள் 1939-ல் கட்டிக்கொடுத்ததுதான் அந்த நீர்க்கோபுரம். பொருத்தமாகத் தண்ணீரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஏன் பொருத்தம் என்று போகப்போகப் புரியும்.

அந்த நிலநடுக்கத்தின் பெயர் கான்டோ பெரு நிலநடுக்கம். கான்டோ என்பது டோக்கியோ, யோகோஹாமா எல்லாம் அடங்கிய சமவெளி. ஜப்பானிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரம் அது, அன்றும் இன்றும்.

1923 செப்டம்பர் 1. சனிக்கிழமை. நேரம் பகல் 11 மணி 58 நிமிடம்.

வகுப்பில் நான் இரண்டு புத்தகங்களை மேசைமேல் வைத்து ஒன்றை மற்றதற்கு அடியில் தள்ளிக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? தள்ளத் தள்ள முதலில் ஒன்றும் நடக்காது. மேலே இருக்கும் புத்தகம் வளையும். வளைந்து வளைந்து, ஒரு கட்டத்தில் டப்பென்று விடுபடும். அதுதான் சகாமி வளைகுடாவுக்கு அடியில் நடந்தது. பிலிப்பைன் கடல் தட்டு என்ற நிலத்தட்டு, ஜப்பானைத் தாங்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்த இறுக்கம் அன்று விடுபட்டது. அளவு 7.9.

யோகோஹாமா, நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு டோக்கியோவைவிடப் பக்கம். கட்டடங்கள் நொடிகளில் சரிந்தன. 4 லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள்தொகை கொண்ட அந்த ஊரில் மட்டும் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நெபுகாவா என்ற கடலோர ரயில் நிலையத்தில் அப்போதுதான் ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்த மலை சரிந்து, ரயிலையும் நிலையத்தையும் சேர்த்துக் கடலுக்குள் தள்ளியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கடலும் சும்மா இருக்கவில்லை. அதாமி கடற்கரையில் 12 மீட்டர் வரை ஆழிப்பேரலை ஏறியது. டோக்கியோவின் அசகுசா பகுதியில் ஊரே வேடிக்கை பார்க்கும் 12 மாடிச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. அது பாதியில் முறிந்து விழுந்தது.

ஆனால் பிள்ளைகளே, இத்தனை பேரைக் கொன்றது நடுக்கம் மட்டும் அல்ல. நேரத்தைக் கவனியுங்கள். பகல் 12 மணிக்கு இரண்டு நிமிடம். வீட்டுக்கு வீடு மதியச் சமையல். கரி அடுப்பில் நெருப்பு. வீடுகளோ மரச்சட்டமும் காகிதக் கதவும். வீடு சரிந்ததும் அடுப்பு கூரைக்குக் கீழே போனது. டோக்கியோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் தீப்பிடித்தது. அன்றைக்குப் பார்த்து, ஜப்பானின் மேற்குக் கடலோரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு புயல், பலமான காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. தீயணைக்கத் தண்ணீர் வேண்டுமே? பூமிக்கு அடியில் குழாய்கள் எல்லாம் உடைந்துவிட்டன. ஏறத்தாழ இரண்டு நாள் எரிந்தது நகரம். டோக்கியோ நகரப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் சாம்பல்.

ஒரே ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு நகர்கிறேன். சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே ஹோஞ்சோ பகுதியில் ராணுவத்தின் பழைய உடைத் தொழிற்சாலை இருந்த காலி மைதானம். ஏறத்தாழ 17 ஏக்கர். பூங்கா அமைப்பதற்காக நகராட்சி வாங்கி வைத்திருந்தது. காலி இடம் என்றால் தீ வராது என்று நம்பி, அக்கம்பக்கத்து மக்கள் அங்கே வந்து குவிந்தார்கள், ஏறத்தாழ 40,000 பேர். கையில் மூட்டை முடிச்சு, படுக்கை, மர அலமாரி, தள்ளுவண்டி. அந்த மூட்டைகளே விறகாகும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்? மாலை 4 மணி வாக்கில் நெருப்புச் சூறாவளி ஒன்று அந்த மைதானத்துக்குள் நுழைந்தது. கிட்டத்தட்ட 38,000 பேர் அந்த ஓர் இடத்தில் இறந்தார்கள். மொத்தச் சாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மைதானத்தில்தான்.

பழைய புத்தகங்களில் மொத்தம் 1,40,000 பேர் இறந்தார்கள் என்றிருக்கும். நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். காணாமல் போனவர்கள், இறந்தவர்கள் என்று இரண்டு கணக்கிலும் வந்தவர்களை நீக்கிவிட்டு, இப்போது ஏறத்தாழ 1,05,000 என்கிறார்கள். அதில் 90,000 பேருக்கு மேல் தீயில் இறந்தவர்கள். உங்கள் பழைய நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். அதற்கு 18 ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நில அதிர்வு ஆய்வுத் துறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஒமோரி ஃபுசகிச்சி, பேராசிரியர். உலகப்புகழ் பெற்றவர். பெரிய நடுக்கத்துக்குப் பிறகு வரும் சிறு அதிர்வுகள் எப்படிப் படிப்படியாகக் குறையும் என்று அவர் 1894-ல் கண்டுபிடித்த விதி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மற்றவர் இமாமுரா அகித்சுனே, உதவிப் பேராசிரியர். இரண்டு பேருக்கும் வயதில் இரண்டே ஆண்டு வித்தியாசம். ஆனால் ஒருவர் பெரிய நாற்காலி. மற்றவர் ராணுவப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துப் பிழைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்.

இமாமுரா பழைய ஆவணங்களை எல்லாம் புரட்டி, இந்தப் பகுதியில் பெரிய நடுக்கங்கள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டார். 1905-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அடுத்த 50 ஆண்டுகளுக்குள் டோக்கியோவுக்குப் பெரிய நடுக்கம் வரலாம், வந்தால் தீதான் முதல் எதிரி, ஒரு லட்சம் பேருக்கு மேல்கூடச் சாகலாம், அதனால் மண்ணெண்ணெய் விளக்குகளை விட்டுவிட்டு மின்விளக்குக்கு மாறுங்கள், தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் சாரம். ஒரு பொறுப்பான ஆசிரியர் சொல்லும் விதத்தில்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு செய்தித்தாள் அதை எடுத்து, நாளைக்கே நடுக்கம் வரப்போகிறது என்கிற மாதிரி பெரிதாக்கிப் போட்டது. ஊரில் பீதி. அப்போது ஒமோரி களத்தில் இறங்கினார். இதெல்லாம் ஆதாரமில்லாத பேச்சு என்று எழுதினார். மக்களின் பீதியை அடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்தித்தாளின் புரளியை மறுத்தவர், கூடவே இமாமுராவின் எச்சரிக்கையையும் புரளி ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு இமாமுராவுக்கு ஊரில் பொய்யன் பட்டம். அந்த மனிதர் அதே துறையில், அதே ஒமோரிக்குக் கீழே, 17 ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தார்.

1923 செப்டம்பர் 1 அன்று ஒமோரி ஜப்பானிலேயே இல்லை. ஓர் அறிவியல் மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போயிருந்தார். சிட்னியில் ஓர் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த நில அதிர்வுக் கருவியின் முள் ஆடத் தொடங்கியது. அவர் கண்ணெதிரில். எங்கோ பெரிய நடுக்கம் என்று அவருக்குத் தெரிந்தது. தன் சொந்த ஊர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கு ஏற்கெனவே மூளையில் கட்டி. அக்டோபரில் கப்பலில் யோகோஹாமா வந்து சேர்ந்தபோது, வரவேற்கப் போன இமாமுராவிடம் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். நவம்பர் 8-ஆம் தேதி இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு இமாமுரா வந்தார்.

ஒமோரியை நான் வில்லனாகச் சொல்லவில்லை. கற்றவர், நல்லவர், ஊர் நலனை நினைத்தவர். ஆனால் அவர் சொன்னால் ஊர் நம்பும் என்ற நிலையில் இருந்தவர். அந்த நிலையில் இருப்பவர் தவறினால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மறுபடி 1923-க்கு வருவோம்.

அன்று மாலை டோக்கியோவில் செய்தி என்பதே இல்லை. வானொலி ஜப்பானுக்கு வந்ததே 1925-ல்தான். தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிட்டன. நகரத்தின் நாளிதழ் அலுவலகங்களில் மூன்று தவிர மற்றவை எரிந்துவிட்டன. பிரதமர் ஒரு வாரத்துக்கு முன்புதான் காலமாகியிருந்தார், புதிய அமைச்சரவை இன்னும் பொறுப்பேற்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் தெருவில், இருட்டில், எரியும் ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாராவது ஏதாவது சொன்னால் போதும் என்ற நிலை.

அப்போது வந்தது அந்தச் செய்தி. கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள். கொரியர்கள்தான் தீ வைக்கிறார்கள். கூட்டமாக வருகிறார்கள்.

கொரியா 1910 முதல் ஜப்பானின் பிடியில் இருந்தது. 1919-ல் அங்கே விடுதலைப் போராட்டம் எழுந்து, அதை ஜப்பான் அடக்கியது. கூலி வேலைக்காக வந்த கொரியர்கள் பலர் டோக்கியோ, யோகோஹாமாப் பக்கம் இருந்தார்கள். பாலம் கட்டவும், மண் வெட்டவும், மூட்டை தூக்கவும் வந்தவர்கள். குறைந்த கூலி, தனிக் குடிசை, வேறு பேச்சு. யார்மேல் சந்தேகம் விழும் என்பதற்கு நடுக்கம் வரும் முன்பே விடை தயாராக இருந்தது.

விஷம் கலந்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் செப்டம்பர் 2-ஆம் தேதி ராணுவச் சட்டம் வந்தது. 3-ஆம் தேதி உள்துறை அமைச்சகத்திலிருந்தே, கடற்படையின் கம்பியில்லாத் தந்தி நிலையம் வழியாக, கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கண்காணியுங்கள் என்று நாடு முழுக்கச் செய்தி போனது. தெருவில் பேசியது அரசு முத்திரையோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

ஊர் ஊராகக் காவல் குழுக்கள் கிளம்பின. அந்தப் பகுதியில் மட்டும் 3,000-க்கு மேல் இருந்தன. சாதாரண மனிதர்கள் பிள்ளைகளே. கடைக்காரர், தச்சர், மீனவர், விவசாயி. கையில் மூங்கில் ஈட்டி, தடி, கத்தி. பாலத்திலும் சாலை முக்கிலும் நின்று, போகிற வருகிறவர்களை நிறுத்தி, "15 யென் 50 சென்" என்று சொல்லச் சொன்னார்கள். ஜப்பானிய மொழியில் அது "ஜூகோ என் கோஜிஸ்ஸென்".

இந்த இடத்தில் தமிழ் தெரிந்த நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். அந்த "கோ" கோழியில் வரும் கோ அல்ல, கோபால் என்று கூப்பிடும்போது வரும் கோ. கொரிய மொழியில் சொல்லின் முதலில் அந்த ஓசை வராது. கோழியின் கோதான் வரும். "ஜூ" என்பதும் "ச்சூ" என்றுதான் வாயில் வரும். யோசித்துப் பாருங்கள், நம் தமிழும் அப்படித்தானே? நமக்கும் இரண்டுக்கும் ஒரே "க" எழுத்துதான். பழைய தமிழ்ச் சொல் எதுவும் அந்த மெல்லிய ஓசையில் தொடங்காது. எங்கள் ஆயா கடைசி வரைக்கும் ஜன்னலைச் சன்னல் என்றும், ஜோசியரைச் சோசியர் என்றும்தான் சொன்னார். அந்தப் பாலத்தில் எங்கள் ஆயாவை நிறுத்தி "15 யென் 50 சென்" சொல்லச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. அன்றைய அரசு சில நூறு என்றது. நாடு கடந்து வாழ்ந்த கொரியர்கள் அப்போதே விசாரித்து 6,000-க்கு மேல் என்றார்கள். சீனத் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, ராணுவக் காவலர்கள் ஒசுகி சகாயே என்ற புரட்சி எழுத்தாளரையும், அவருடைய துணைவி இத்தோ நோயேயையும், கூட இருந்த 6 வயது மருமகனையும் கொன்றார்கள்.

ஜப்பானியர்களும் தப்பவில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி. ஃபுகுதா என்ற கிராமம், டோக்கியோவுக்கு வடக்கே டோனே ஆற்றங்கரை. ஷிகோகு தீவிலிருந்து மருந்து விற்க வந்த 15 பேர் ஓடத்துறையில் காத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் விற்பவர்கள், பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அவர்கள் பேச்சு வழக்கு அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை. நம் ஊரில் சென்னைக்காரர் பேச்சும் நாகர்கோவில்காரர் பேச்சும் வேறு வேறாக இருக்குமே, அந்த அளவு வித்தியாசம்தான். கொரியர்கள் என்று முடிவு கட்டி, 9 பேரைக் கொன்றுவிட்டார்கள். அதில் சின்னக் குழந்தைகளும், ஒரு கர்ப்பிணியும். கையில் வியாபார உரிமச் சீட்டு இருந்தும் உதவவில்லை. அவர்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே பிறப்பால் ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுக்காகக் கேட்கவும் நெடுங்காலம் ஆள் இல்லை. கொன்றவர்களில் 8 பேருக்குத் தண்டனை கிடைத்தது. சில ஆண்டுகளில் பொதுமன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 5-ஆம் தேதியே பிரதமர், கொரியர்களைத் துன்புறுத்தாதீர்கள் என்று அறிக்கை விட்டார். ஃபுகுதாவில் கொன்றது 6-ஆம் தேதி. அனுப்பிய பொய்யைத் திரும்பக் கூப்பிடுவது அவ்வளவு லேசு இல்லை.

எல்லோரும் அப்படி இருந்தார்களா என்றால், இல்லை. யோகோஹாமாவின் த்சுருமி காவல் நிலையத்தில் ஒகாவா த்சுனேகிச்சி என்ற அதிகாரி இருந்தார். ஏறத்தாழ 300 கொரியர்களை நிலையத்துக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். வெளியே ஆயிரம் பேர் போல் கூட்டம். ஒப்படை, அவர்கள் விஷம் வைத்தவர்கள் என்று கூச்சல். விஷம் கலந்தது என்று நீங்கள் சொல்லும் தண்ணீரைக் கொண்டு வாருங்கள் என்று வாங்கி, கூட்டத்தின் முன்னால் அவர் அதைக் குடித்துக் காட்டினார் என்று சொல்வார்கள். 300 பேரும் பிழைத்தார்கள். அவர் இறந்த பிறகு, 1953-ல் அங்கிருந்த கொரியர்கள் ஒரு புத்தக் கோயிலில் அவருக்கு நன்றிக் கல் வைத்தார்கள்.

இந்த அதிகாரிக்குக் கொரியர்கள்மேல் தனிப் பாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்தது எளிமையான ஒரு காரியம். தண்ணீரைக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார். ஊரில் வேறு யாரும் அந்தத் தண்ணீரைப் பார்க்கக் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்கிறேன் என்ற காரணத்துக்கு வருகிறேன். எழுதவா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

2018 மே மாதம் நான் பணி ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவுக்காக நீங்கள் ஏப்ரலிலேயே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து என்னையும் சேர்த்தீர்கள். எனக்குப் புது போன், புதுப் பழக்கம். அந்த நாட்களில் நம் வடமாவட்டங்களில் ஒரு செய்தி ஓடியது. வடநாட்டிலிருந்து 200 பேர் வந்திருக்கிறார்கள், குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று. கூடவே ஒரு வீடியோ. எனக்கு ஓர் உறவினர் அனுப்பினார். பேரப்பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது. நான் அதை மூன்று குரூப்பில் போட்டேன். மேலே என் கையால் ஒரு வரியும் சேர்த்தேன். "பிள்ளைகளே, குழந்தைகளை வெளியில் விடாதீர்கள், கவனம்."

சில நாள் கழித்து என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ரொம்ப நேரம் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சொன்னாள். அவர்கள் தெருவில் கம்பளி விற்க வந்த ஓர் இந்திக்காரரைப் பிடித்து, மின்கம்பத்தில் கட்டி அடித்துவிட்டார்களாம். கை உடைந்துவிட்டது. போலீஸ் வந்து மீட்டுக்கொண்டு போனதாம். "ஒரு பெரியவர் தடுக்கப் போனாரு டீச்சர். அதுக்கு நம்ம செட் பையனே, 'டீச்சரே போட்டிருக்காங்க, பொய்யாவா இருக்கும்'னு போனை எடுத்துக் காட்டினான்" என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. தகவலாகத்தான் சொன்னாள். நான் காபி போட உள்ளே போனவள், அடுப்படியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த மனிதர் பிழைத்தார். அதே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த வயதான ஓர் அம்மா, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். நான் போட்ட செய்திக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் செய்தி ஒன்றுதானே?

நான் அந்தப் பதிவை அன்றைக்கே அழித்தேன். மன்னிப்பு என்று எதுவும் எழுதவில்லை. விழா நெருங்கிக்கொண்டிருந்தது, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டேன், நீங்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்து பேசினீர்கள். கூட்டத்தில் அந்தப் பையனும் கைதட்டிக்கொண்டிருந்தான். 34 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியதால் கிடைத்த நம்பிக்கை அது. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் நான் அந்த ஒரு வரிக்குச் செலவு செய்திருந்தேன். அதனால்தான் ஒமோரியின் கதையைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அன்று எழுதாத மன்னிப்பை இன்று எழுதுகிறேன். அந்தக் கம்பளிக்காரர் இதைப் படிக்கப்போவதில்லை. படித்தாலும் தமிழ் தெரியாது. தெரியாததுதானே அவருக்குக் குற்றமாகப் போனது. நீங்களாவது படியுங்கள். டீச்சர் செய்தது தவறு.

ஜப்பானில் 1960 முதல் செப்டம்பர் 1-ஐப் பேரிடர் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து பயிற்சி செய்வார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவில் 117 தொடக்கப் பள்ளிகளைக் கான்கிரீட்டில் கட்டினார்கள். 52 சின்னப் பூங்காக்களைப் பள்ளிகளை ஒட்டியே அமைத்தார்கள், ஆபத்து வந்தால் மக்கள் ஓடி வந்து நிற்க இடம் வேண்டும் என்று. பள்ளிக்கூடம்தான் ஓர் ஊருக்குப் பாதுகாப்பான இடம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதைப் படிக்கப் பெருமையாக இருந்தது.

அந்த 38,000 பேர் எரிந்த மைதானம் இப்போது நினைவுப் பூங்கா. அங்கேயே ஒரு பக்கம், கொல்லப்பட்ட கொரியர்களுக்காக 1973-ல் வைத்த கல் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு டோக்கியோ ஆளுநர் அஞ்சலிச் செய்தி அனுப்புவது வழக்கம். 2017-ல் அதை நிறுத்திவிட்டார்கள். தீயில் இறந்தவர்களை நினைப்பது ஓர் ஊருக்கு எளிது. தன் கையால் இறந்தவர்களை நினைப்பது கடினம். எனக்கே ஒரு மன்னிப்பு எழுத இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

வழக்கம்போல் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். இமாமுராவின் கட்டுரையில் ஆள் பெயர் இருந்தது, கணக்கு இருந்தது, என்ன செய்யவேண்டும் என்று இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கை மாற்று என்றார், யாரையும் அடி என்று சொல்லவில்லை. கிணற்று விஷச் செய்தியில் பார்த்தவர் பெயர் இல்லை, எந்தக் கிணறு என்று இல்லை, யாரைப் பிடிக்கவேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. இனிமேல் ஒரு செய்தியை அனுப்பும் முன் இந்த இரண்டில் எந்த வகை என்று பாருங்கள். புயல், வெள்ளம் என்று முறையான எச்சரிக்கை வந்தால் அசட்டை செய்யாதீர்கள். யாரோ ஒரு கூட்டம் வருகிறது என்று செய்தி வந்தால், "தண்ணீரைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்று கேளுங்கள். அனுப்பியது நானாக இருந்தாலும் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யோகோஹாமாவில் இருக்கும் தம்பிக்கு ஒரு வேலை. அந்த நீர்க்கோபுரத்தைப் பார்த்துவிட்டாய். த்சுருமியும் உன் ஊருக்குள்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தக் காவல் அதிகாரிக்கு வைத்த கல் எங்கே என்று விசாரித்து, எனக்காக ஒரு பூ வைத்துவிட்டு வா. போட்டோ எடுத்து அனுப்பு. அதை மட்டும் எல்லாக் குரூப்பிலும் நானே போடுகிறேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்